மேசையை முடித்துவிட்டு அடுத்த பலகையைத் தொடுங்கள்: வீவக வீட்டில் மரவேலை பழகுவோருக்கு

மரவேலை பழகத் தொடங்கியவர்கள் பலருடைய வீட்டிலும் ஒரு பெஞ்சோ மேசையோ முக்கால்வாசி முடிந்த நிலையில் நிற்கும். கால்கள் பொருத்தியாயிற்று, பசை காய்ந்துவிட்டது, மேலே ஒரு துணியை விரித்துப் புழங்கவும் தொடங்கியாயிற்று. பூச்சு வேலை மட்டும் பாக்கி. அதற்குள் மனம் அடுத்த அலமாரிக்குத் தாவிவிடும்.

தோட்டமும் கொட்டகையும் உள்ள வீட்டில் இது பெரிய விஷயமில்லை. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டு அரைகுறை வேலைகளை ஒரே நேரத்தில் நிறுத்திவைக்க இடமே கிடையாது. இடத்தைவிடப் பெரிய காரணம் நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். பூச்சில்லாத மரம் பகலில் அந்த ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும்; இரவில் ஏர்கான் போட்டால் விட்டுவிடும். இப்படி நாள்தோறும் நடந்தால் பலகை வளையும், முனைகளில் வெடிப்பு விழும், மழைக்காலத்தில் பூஞ்சணம்கூடப் பிடிக்கும். பூச்சு அந்த ஈரப் போக்குவரத்தை முழுவதுமாக நிறுத்தாது, ஆனால் நன்றாக மெதுவாக்கும். ஆகவே முதல் பொருளை முழுமையாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள் என்பதுதான் புதியவர்களுக்கு நான் சொல்வது. எப்படி முடிப்பது, அப்புறம் எதைத் தொடங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

பூச்சு டப்பாவைத் திறக்கும் முன்

முதலில் ஆட்டத்தைச் சரிசெய்யுங்கள். வீட்டுத் தரை ஓடுகள் எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. அதனால் மேசை ஆடுகிறது என்று முடிவு கட்டுமுன் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஆடினால் கால்களில்தான் குறை. சமமான ஓர் இடத்தில் மேசையை நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் அட்டைத்துண்டுகளைச் செருகி மேற்பலகையை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இருப்பதிலேயே பெரிய இடைவெளியின் உயரத்துக்கு ஒரு சிறு கட்டையை எடுத்து, அதைத் தரையில் வைத்து, அதன் மேல் பென்சிலைக் கிடத்தி நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் ஆட்டம் போய்விடும். ஒரு காலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள், முடிவே இருக்காது.

அடுத்து, மேற்பலகை சட்டத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தாலோ வட்டத் துளையில் திருகாணியை இறுக்கியிருந்தாலோ இப்போதே மாற்றிவிட வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் விரியும், சுருங்கும். 600 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை, மழைக்கால ஈரத்திலிருந்து எப்போதும் ஏர்கான் ஓடும் அறைக்குப் போனால் நான்கைந்து மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். அந்த அசைவுக்கு இடமில்லாவிட்டால் பலகை நடுவில் பிளந்துவிடும். சட்டத்தில் உள்ள திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளையாக்கி, வாஷர் போட்டு முடுக்கினால் போதும். பத்து நிமிட வேலை, பல ஆண்டு நிம்மதி.

பிறகு பசைக் கறை. இணைப்புகளின் ஓரத்தில் வழிந்து காய்ந்த வெள்ளைப் பசை கண்ணுக்குத் தெரியாது. பூச்சு போட்டதும் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். ஈரத்துணியால் மேற்பரப்பு முழுவதையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பசை இருக்கும் இடம் நீரை உறிஞ்சாமல் வெளுத்து நிற்கும். அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு, காய்ந்த பிறகு கூரான உளியின் வாயால் மெல்லச் சுரண்டி எடுங்கள்.

சின்னப் பிளவுகளுக்கு, அதே மரத்தின் நுண்தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிக்கு அது சரிவராது. கருத்த கோடாகத் தெரியும். அங்கே அதே மரத்தில் மெல்லிய சீவல் ஒன்றைச் செதுக்கிச் செருகி ஒட்டிவிடுவதுதான் நல்லது.

உப்புத்தாள் தேய்ப்பு

பூச்சின் தரத்தில் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது. இயந்திரக் கீறலோ உளித் தடமோ இருந்தால் 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்குங்கள், இல்லையென்றால் 120 போதும். அதற்குப் பின் 180, கடைசியாக 220. எண்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண் விட்ட கீறலை எடுப்பதற்காகவே இருக்கிறது. 80லிருந்து நேராக 220க்குப் போனால் பழைய கீறல் அப்படியே தங்கி, பூச்சு பட்டதும் பளிச்சென்று தெரியும்.

தாளை ஒரு தக்கைக் கட்டையிலோ மரக்கட்டையிலோ சுற்றிக்கொண்டு, மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். விரல்களால் நேராக அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். எல்லா இடத்திலும் சமமாகத் தேய்த்தோமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு: ஒவ்வோர் எண்ணுக்கும் முன் பலகை முழுவதும் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் முழுவதும் மறைந்தால் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

பலகையின் வெட்டுமுனைகள் பூச்சை அதிகம் குடித்துக் கருத்துப்போகும். அங்கே மட்டும் 320 வரை தேயுங்கள். கூர் ஓரங்களை 180இல் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து மழுக்கிவிடுங்கள். கூர் ஓரத்தில் பூச்சு மெலிந்து முதலில் அங்கேதான் தேயும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு, சொல்லத் தேவையில்லை.

220 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மர நார்கள் எழுந்து சொரசொரப்பாகும். மறுபடி 220ஆல் லேசாக, ஓரிரு இழுப்பு மட்டும். நீர் கலந்த பூச்சு போடப்போகிறவர்கள் இந்தப் படியைத் தவறாமல் செய்ய வேண்டும்.

தூசு பற்றி ஒன்று. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புகைமூட்டக் காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் வீட்டில் இருக்கும். அதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குட்டை கட்டுவது போதாது.

எந்தப் பூச்சு?

கடையில் பத்துப் பதினைந்து டப்பாக்கள் நிற்கும். புதியவருக்கு மூன்று வகை தெரிந்தால் போதும்.

நீர் கலந்த பாலியூரித்தேன்: வாடை குறைவு, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம், மரத்தின் நிறம் மஞ்சளாகாது. ரப்பர் மரம், பைன் போன்ற வெளிர் மரங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அடுக்குமாடி வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரே குறை, மழை நாளில் காய நேரமெடுக்கும். டப்பாவில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் நம் ஊர் டிசம்பர் மழையில் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பூச்சு: டேனிஷ் எண்ணெய், டங் எண்ணெய், எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சுகள் எல்லாம் இந்த வகை. துணியால் தேய்த்து, 15 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் ஆயிற்று. தேக்கு, மெர்பாவ், மகோகனி போன்ற கருமை ஓடிய மரங்களின் ரேகை உயிர்பெற்று எழும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்த ஈரத்தில் அது வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், பூஞ்சணத்துக்கும் தீனியாகும்.

அரக்குப் பூச்சு: அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினைச் சாராயக் கரைப்பானில் கரைத்தது. சீக்கிரம் காயும், நல்ல பளபளப்பு வரும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசினால் வெள்ளை மூட்டம் படிந்துவிடும். சூடான தேநீர்க் குவளையை வைத்தாலும் வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. சிறு பெட்டிகளுக்கு அருமையானது.

தெளிப்பானில் அடிக்கும் லாக்கரை வீட்டுக்குள் நினைக்கவே வேண்டாம். அந்த ஆவி தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் கேடு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மிச்சத்துண்டு ஒன்றை அதே 220 வரை தேய்த்து, அதில் பூசிப் பாருங்கள். தேக்கு, ரோஸ்வுட் போன்றவற்றில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சில பூச்சுகள் அவற்றின் மேல் காயாமல் அடம்பிடிக்கும். பூசுமுன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். மிச்சத்துண்டின் பின்புறத்தில் பூச்சின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து துண்டுகள் சேர்ந்ததும் எந்தக் கடையிலும் கிடைக்காத மாதிரிப் பலகை உங்களிடம் இருக்கும்.

பூசும் நாள்

மழை பெய்யாத காலை நல்லது. முந்தின நாளே தரையைக் கூட்டி, வெற்றிட உறிஞ்சியால் மேசைத் தூசை இழுத்துவிடுங்கள். பூசும்போது கூரை மின்விசிறி ஓடக்கூடாது. இறக்கைகளில் படிந்த தூசெல்லாம் ஈரப் பூச்சின் மேல் இறங்கும். சன்னல்களைத் திறந்துவையுங்கள், மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் விசிறியைப் போடலாம்.

மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் தொடங்குங்கள். கை பழகுவதற்குள் ஏற்படும் குறைகள் அங்கேயே மறைந்துவிடும். அடிப்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். மேலே மூன்று கை பூச்சு, கீழே ஒன்றுமில்லை என்றால் இரு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் இழுக்கும், பலகை வளைந்துவிடும். கீழேயும் மேலேயும் ஒரே அளவு பூச்சு வேண்டும்.

தடிமனாக ஒரு கை பூசுவதைவிட மெல்லியதாக மூன்று கை பூசுவது எப்போதும் மேல். ஒவ்வொரு கைக்கும் இடையில் 320 தாளால் லேசாகத் தடவி, தூசைத் துடைத்துவிட்டு அடுத்த கை. தூரிகையால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். குமிழி தெரிந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்தபின் தேய்த்துக்கொள்ளலாம்.

காயவைக்கத் தாழ்வாரத்தில் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது தீ நேர்ந்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி. குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரப் பூச்சும் பூச்சு டப்பாக்களும் அங்கே நிற்பது ஆபத்து.

எண்ணெய்த் துணி

இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஆளிவிதை எண்ணெய், டேனிஷ் எண்ணெய் போன்றவை காற்றோடு வினைபுரிந்துதான் காய்கின்றன. அந்த வினையில் வெப்பம் பிறக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையிலோ குப்பைப் பையிலோ போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். சில மணி நேரத்தில் நடக்கக்கூடியது இது. வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீர் நிரம்பிய உலோக டின்னில் அமிழ்த்தி மூடுங்கள், அல்லது சன்னலோரத்தில் ஒற்றை மடிப்பாக விரித்து விறைக்கும்வரை காயவிடுங்கள். அப்படியே குப்பைச் சரிவுக்குழாயில் போடவே கூடாது.

பொறுமை

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பூச்சு இறுகிவிட்டதாக எண்ணக்கூடாது. பெரும்பாலான பூச்சுகள் முழுவதும் இறுக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை ஈரத்துணி, சூடான பாத்திரம், மேசை விரிப்பு எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு விருந்தினர் வருமுன் மேசை தயாராக வேண்டும் என்றால், கடைசிக் கைப்பூச்சு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். மேசைக்கால்களின் அடியில் கம்பளித் துண்டுகளை ஒட்டிவிட்டால் முதல் வேலை நிறைவு.

அடுத்து எதைச் செய்வது?

நான் பார்த்தவரை, முதல் மேசை முடிந்த மகிழ்ச்சியில் பலர் கட்டிலுக்கோ ஊஞ்சலுக்கோ போய்விடுகிறார்கள். ஊஞ்சல் ஆளின் எடையைத் தாங்க வேண்டியது. கூரையில் கொக்கி மாட்டுவது தனி விவகாரம். அதை ஒதுக்கிவையுங்கள். அடுத்த பொருளில் உங்களுக்குத் தெரியாத நுட்பம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்றதெல்லாம் ஏற்கெனவே கை பழகியதாக இருக்கட்டும்.

என் முதல் பரிந்துரை மணை. சடங்குகளில் உட்காரப் போடும் அந்தப் பலகைதான். பார்க்க எளிது: ஒரு பலகை, அடியில் குறுக்காக இரண்டு சட்டம். ஆனால் மரத்தின் அசைவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. ரேகைக்குக் குறுக்கே சட்டத்தைப் பசை போட்டு ஒட்டினால் பலகை பிளக்கும் அல்லது வளையும். சட்டத்தின் மேற்பகுதியைப் புறாவின் வாலைப் போல மேலே அகன்று கீழே குறுகிய ‘புறாவால்’ வடிவத்தில் செதுக்கி, பலகையில் அதே வடிவத்தில் பள்ளம் வெட்டி, பசையில்லாமல் பக்கவாட்டில் நுழைத்தால் பலகை தட்டையாகவும் நிற்கும், சுதந்திரமாக விரிந்து சுருங்கவும் செய்யும். இந்தப் புதிய நுட்பம் ஒன்றைக் கற்றுக்கொண்டால், பிற்காலத்தில் கதவும் பெரிய மேசையும் செய்யும்போது கை தானாக வழிகாட்டும்.

இரண்டாவது, அஞ்சறைப் பெட்டி. மேசையில் மிஞ்சிய துண்டுகளே போதும். நான்கு மூலை இணைப்பு, இடைச் சட்டங்கள், நகரும் மூடி. இதற்குள்ளே எண்ணெய்ப் பூச்சு பூசாதீர்கள். மூடிய பெட்டிக்குள் எண்ணெய் வாடை மாதக்கணக்கில் போகாது, மிளகும் சீரகமும் அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே பூச்சில்லாமல் விடலாம், அல்லது அரக்குப் பூச்சு. அரக்கு மிட்டாய்களின் மேல் மெருகுக்காகவும் பூசப்படும் பொருள்தான். வாங்கும்போது உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

பூஜை அலமாரி மூன்றாவதாக இருக்கட்டும். விளக்குச் சுடருக்கு நேர் மேலே பலகை வராதபடி வரைந்துகொள்ளுங்கள், விளக்கு நிற்கும் இடத்தில் பித்தளைத் தட்டு வையுங்கள். சுவரில் தொங்கவிடுவதைவிடத் தரையில் நிற்கும்படி செய்வது பாதுகாப்பு. இல்லப் பாதுகாப்பு அறையின் (நெருக்கடியில் தஞ்சம் புக வீட்டுக்குள்ளேயே கட்டிய அறை) சுவராக இருந்தால் துளையிடுவதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் தனி விதிகள் உண்டு. படித்துவிட்டுத்தான் துளைக்கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

மரமும் கருவியும்

சுங்கை காடுட் வட்டாரம் நீண்டகாலமாக மரக்கடைகளுக்கும் தளவாடப் பட்டறைகளுக்கும் பேர்பெற்றது. ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் திருகாணி, உப்புத்தாள், கிளாம்ப் எல்லாம் கிடைக்கும். பெரிய பலகையை எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அளவு எழுதிக்கொண்டு போனால் பல கடைகளில் அறுத்தே தருவார்கள்.

சாலையோரத்தில் வெட்டப்படும் தூங்குமூஞ்சி மரங்கள் இப்போது அழகான அகலப் பலகைகளாக விற்பனைக்கு வருகின்றன. விலை பேசுமுன் ஈரப்பதம் எத்தனை என்று கேளுங்கள். ஏர்கான் போடும் அறைக்கு 12 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. இயற்கையாக உலர, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. நேற்று அறுத்த பலகையைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று வாங்கினால் உங்கள் வீட்டில் வந்து வளையும்.

பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் காசில்லாமல் கிடைக்கும். முத்திரையைப் பாருங்கள்: எச்டி (HT) என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். சிறு துளைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது.

கருவிகளில் முதலில் பணம் போட வேண்டியது கூர்மைக்கு. 1000ஆம் எண் தீட்டுக்கல் ஒன்று, 12, 18 மில்லிமீட்டர் உளிகள், சிறு இழைப்புளி, மூலைமட்டம், இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், நான்கு கிளாம்ப். இவற்றை வைத்து மேலே சொன்ன மூன்றையும் செய்யலாம். அந்த ரம்பத்தின் சத்தம் அதிகமிருக்காது. உளி அடிக்கும்போது மட்டும் மேசைக்கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். அந்த அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு நேராகப் போகும். மின்கருவியென்றால், புதுப்பிப்பு வேலைக்கு வீவக அனுமதிக்கும் நேரத்தையே நாமும் வைத்துக்கொள்வது முறை: திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கைக்கருவிக்கு மட்டும். வேலைக்கு முன் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இரும்பெல்லாம் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பெட்டியில் மூடிவையுங்கள்.

பலகை வந்த பிறகு

புதுப் பலகையை வந்த அன்றே அறுக்காதீர்கள். எந்த அறையில் அந்தப் பொருள் நிற்கப்போகிறதோ அதே அறையில், இடையிடையே மெல்லிய குச்சிகள் வைத்து, காற்று எல்லாப் பக்கமும் படும்படி இரண்டு வாரம் அடுக்கிவையுங்கள். அந்த இரண்டு வாரத்தில் மணையை முழு அளவில் தாளில் வரைந்துகொள்ளுங்கள். உளியைத் தீட்டுங்கள். மேசையில் மிஞ்சிய துண்டு ஒன்றில் புறாவால் பள்ளத்தை வெட்டிச் சட்டத்தை நுழைத்துப் பாருங்கள். முதல் பள்ளம் தொளதொளவென்றுதான் இருக்கும்; இரண்டாவது கொஞ்சம் இறுகும். உள்ளங்கையால் தட்டினால் போய், ஆட்டாமல் நின்றுவிட்டால் நல்ல பலகையில் கோடு போடலாம்.